விரலை மட்டும் வெட்டாதே

1.

இந்தக் கதையை எழுதட்டுமா என்று கேட்டபோது அண்ணி கார் கொட்டகையின் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "எழுதிக்கோ. ஆனா விரலை மட்டும் வெட்டாதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வெட்டுவதாகத்தான் இருந்தேன்.

நீங்களே சொல்லுங்கள். கதைக்குள் ஒரு மின்ரம்பம் வந்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து வாசகர் விரல்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறார். கடைசிவரை பத்தும் பத்தாகவே இருந்தால், ஏமாற்றிவிட்டதாகக் கோபித்துக்கொள்கிறார். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ரம்பம் வரும், விரல்கள் பத்திரமாக இருக்கும். எங்களுக்குப் பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது.

2.

முதல் தொடக்கம்: "கொட்டகையெங்கும் மரத்தின் வாசனை மெல்ல—"

"வாசனையாவது ஒண்ணாவது. அது பசை நாத்தம்" என்றார் அண்ணி. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "அவள் ஒரு மரக்கலைஞி."

"யாரு அது?" என்றார். அதையும் அடித்துவிட்டேன்.

ஆகவே அலங்காரமில்லாமல் ஆரம்பிக்கிறேன். அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். கடுகளவு திருகாணியை நகக்கண்ணில் ஏந்தி முடுக்கும் கை. விடுமுறையானால் அந்தக் கை கொட்டகைக்குள் போய்விடும். நாற்காலியோ, அலமாரியோ, பெயர் தெரியாத ஏதோ ஒன்றோ வெளியே வரும். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அந்த வண்டிகளில் கற்றுக்கொடுப்பவரின் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். பாதி ஆயுளை அதன்மேல் காலை வைத்தபடியே கழித்ததால், வீட்டு சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட யாராவது படபடவென்று பேசினால் அவர் கால் தரையை அழுத்தும். நான் அண்ணனின் தங்கை. மாடியில் இருக்கிறேன். கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கிச் சாப்பிடுகிறேன்.

கொட்டகை அண்ணனின் காருக்காகக் கட்டியது. கார் ஒரே ஒரு மழைக்காலம்தான் அதற்குள் இருந்தது. பிறகு ஒரு பலகை வந்தது. பலகையை வைக்க ஒரு மேஜை வந்தது. மேஜை சும்மா இருக்கிறதே என்று ரம்பம் வந்தது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்களே, எங்கள் வீட்டில் அதை மரம் செய்தது. நீளப் பலகைகள் சுவரில் சாய்ந்து நின்றன. சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், படுக்கைவசமாக அடுக்க வேண்டும் என்று அண்ணிக்குத் தெரியும். "சுவத்துல தாங்கி அடிக்கணும்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். உளிகளும் சுத்தியல்களும் ஆணியில் தொங்கின. வெட்டி மிஞ்சிய துண்டுகளெல்லாம் ஒரு பழைய டிரம்மில்.

அந்த டிரம்தான் சண்டைக்கு மூலம். அண்ணி ஒரு துண்டையும் எறியமாட்டார். சாண் நீளத் துண்டு அலமாரிக்குக் கைப்பிடியாகும். விரல் நீளத் துண்டு பசை தடவ உதவும். அதைவிடச் சிறியது, ஆடும் மேஜையின் காலுக்கடியில் போகும். எங்கள் வீட்டில் எதுவும் ஆடாது. எல்லாக் கதவுக்கும் முட்டுக்கட்டை உண்டு. (முட்டுக்கட்டையைப் புகழும் ஒரே எழுத்தாளர் நானாகத்தான் இருப்பேன்.)

"இடத்தை அடைக்குது. என் காரு வெயில்ல வதங்குது" என்பார் அண்ணன்.

"காருக்கு வேர்க்காது" என்பார் அண்ணி.

3.

பிறகு ஒருநாள் அண்ணி தானாகவே எல்லாவற்றையும் கொடுக்க ஆரம்பித்தார்.

ரம்ப மேஜை அடுத்த தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவரிடம் போனது. தேக்குப் பலகைகள் எதிர்வீட்டு நாய்க்காரருக்கு. உளிகள் கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்கிறவருக்கு. இழைப்புளி தெருமுனை நர்ஸுக்கு. பலகையின் மேல்தோலைச் சீவி வழுவழுப்பாக்கும் அந்த இழைப்புளி அண்ணியின் செல்லப்பிள்ளை. என்னைத் தொடக்கூட விட்டதில்லை. நர்ஸ் வேலை முடிந்து போகும்போது கொட்டகை வாசலில் நின்று, சீவல் சுருண்டு விழுவதை வேடிக்கை பார்ப்பாள். அவளைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்.

ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "இடத்தை அடைக்குது." அது அண்ணனுடைய வாக்கியம். அண்ணியின் வாயிலிருந்து வந்தபோது அண்ணனுக்கே பிடிக்கவில்லை.

டிரம்மை மட்டும் யாரும் கேட்கவில்லை. துண்டுக்கு யார் வருவார்கள்?

கொட்டகை காலியானது. அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். காரை உள்ளே விடவில்லை. மறுநாளும் விடவில்லை.

"ஏன் அண்ணா? இத்தனை வருஷமா இதைத்தானே கேட்டீங்க?"

"பயமா இருக்கு" என்றார். "இப்படி எதையாவது விடுற ஆளா அவ? நான் என்ன தப்பு பண்ணேன்னு கேட்டேன், ஒண்ணுமில்லைங்கிறா. அந்த ஒண்ணுமில்லைதான் பயமா இருக்கு."

4.

நான் கொட்டகைக்குப் போனேன். அண்ணி வெறும் சுவரைப் பார்த்தபடி டிரம்மின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு அண்ணி?"

என் கையிலிருந்த தாளை வாங்கினார். வலது கையை நீட்டி, அதன்மேல் தாளைப் படரவிட்டார். காற்றில்லை. மின்விசிறி ஓடவில்லை. தாள் சலசலத்தது.

"எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

அவர் அப்பா தையல்காரர். ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஆரம்பித்தது, சட்டைப் பொத்தானில் போய், சாப்பாட்டுக் கரண்டியில் முடிந்தது. கடைசி வருடங்களில் கரண்டியைப் பிடித்தவர் அண்ணிதான்.

"கடையில திருகாணி கீழே விழுது. குனிஞ்சு தேடற மாதிரி நடிக்கிறேன். இந்தக் கையைக் கொண்டுபோய் ரம்பத்துக்கிட்ட வைக்க முடியுமா? அதான் ரம்பத்தையே அனுப்பிட்டேன்."

"அண்ணாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா பிரேக் போடுவாரு. எல்லாத்துக்கும் போடுவாரு. நான் டீ போடக்கூட எழுந்திருக்க முடியாது." கையை மடியில் வைத்து மறு கையால் மூடிக்கொண்டார். "டாக்டர்கிட்டயும் போகலை. பேரு வச்சுட்டாங்கன்னா அப்புறம் அது நோய்தானே? இப்ப வெறும் நடுக்கம்."

5.

இங்கே கதையை நிறுத்தி, மாடியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேலே வந்ததும் எழுத உட்கார்ந்தேன். அழுகிறவர்கள் அழுவார்கள், வேண்டிக்கொள்கிறவர்கள் வேண்டிக்கொள்வார்கள். எனக்கு வந்தது இது:

முடிவு ஒன்று. "பல வருடங்களுக்குப் பிறகு, அந்தக் கொட்டகையின் சுவரில் கருவிகள் தொங்கிய ஆணிகள் மட்டும்—"

முடிவு இரண்டு. "நடுங்கும் அவள் கையின்மேல் அவன் தன் கையை வைக்க, இருவருமாகக் கடைசியாக ஒரு நாற்காலியை—"

(இரண்டாவதை எழுதும்போது அழுதேன். அண்ணிக்காக அழுதேனா, வாக்கியம் நன்றாக வந்ததற்காக அழுதேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

முடிவு மூன்றுக்குப் பேனாவைத் தூக்கியபோதுதான் உறைத்தது. கீழே உயிரோடு நடமாடும் ஒரு மனுஷிக்கு நான் மேலே உட்கார்ந்து முடிவு வைத்துக்கொண்டிருக்கிறேன். தாளைக் கவிழ்த்துவிட்டுக் கீழே இறங்கி அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணி என்னோடு பேசவில்லை. "கதைக்காரிகிட்ட ரகசியம் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் விடுப்பு எடுத்தார். சமையலறைத் தட்டிலிருந்த மருந்து மாத்திரை அத்தனையையும் ஒரு பைக்குள் வாரிப் போட்டார். காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அண்ணி வந்து உட்காரும்வரை வெயிலில் நின்றார்.

6.

நரம்பு மருத்துவர் எங்களைவிட இளையவர். அண்ணியை நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். காகிதத்தில் நத்தைச் சுருள் வரையச் சொன்னார். சுருள் முள்வேலிபோல வந்தது. அண்ணன் அதைப் பார்க்காமல் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். அவர் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"வேற என்ன மருந்து எடுத்துக்கிறீங்கம்மா?"

"ஒண்ணுமில்லை டாக்டர்" என்றார் அண்ணி.

அண்ணன் பையை மேஜைமேல் கவிழ்த்தார். தலைவலி மாத்திரை, காலாவதியான கண் சொட்டு மருந்து, பாதி தீர்ந்த களிம்பு. மருத்துவர் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வந்தவர் ஓர் அட்டையை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். அதே மாதிரி இன்னும் இரண்டு அட்டைகள் இருந்தன.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான். இருமலுக்கு. எப்பவோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தாரு. நல்லா கேட்டுச்சு, அப்படியே வாங்கிப் போட்டுக்கிறேன். மருந்தெல்லாம் இல்லை அது, இருமல் மாத்திரை."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"இருமல் வந்தா போடுவேன்."

"எப்ப வரும்?"

அண்ணி யோசித்தார். "மரம் அறுக்கும்போது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது. அப்புறம் நாள் பூரா இருக்கும். ரம்பத்தை அனுப்பியாச்சு, இருமல் இன்னும் விடலை."

"மாஸ்க் போடுறதில்லையா?"

"போட்டா கண்ணாடியில ஆவி படியுது."

மருத்துவர் அண்ணியின் வேலை என்னவென்று முன்பே கேட்டுக் குறித்திருந்தார். குறிப்பைப் பார்த்தார், அண்ணியின் கண்ணாடியைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"தூசி நெஞ்சுக்குள்ள போய் இழுப்பு வருது. இழுப்புக்கு இந்த மாத்திரை. இந்த மாத்திரையை அதிகமாப் போட்டா கை நடுங்கும். உங்க அப்பாவுக்கு இருந்த நடுக்கம் கை சும்மா இருக்கும்போது வர்றது. உங்களுக்கு நீட்டினாத்தான் வருது. நடையில ஒண்ணும் இல்லை, விரல்ல ஒண்ணும் இல்லை. நெஞ்சு டாக்டருக்கு எழுதித் தர்றேன், அவர் மருந்தை மாத்துவாரு. கொஞ்ச நாள் கழிச்சு வந்து இதே சுருளைப் போட்டுக் காட்டுங்க."

"அப்ப எனக்கு அது இல்லையா?" என்றார் அண்ணி.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இல்லைம்மா. அடுத்த சுருளையும் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்."

7.

இடைப்பட்ட நாட்களை நான் எழுதப்போவதில்லை. எல்லோரும் அண்ணியின் கையையே பார்த்தோம். "என் மூஞ்சி மேலே இருக்கு" என்று இரண்டு முறை திட்டு வாங்கினோம்.

அடுத்த முறை அண்ணி வரைந்த சுருள் கடையில் வாங்கிய கொசுவர்த்திபோல இருந்தது. மருத்துவர் அதைத் தூக்கிப் பிடித்து, "வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் அண்ணிதான் சிரிக்க ஆரம்பித்தார். "மரத்தூள்" என்றார். "தேக்கைத் தூக்கி நாய்க்காரருக்குக் கொடுத்தேனே!" அண்ணனும் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. ஒரு தாதி நின்று, துக்கச் செய்தியோ என்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார் அண்ணி.

"தெரியும்" என்றார் அண்ணன் கைக்குட்டைக்குள்ளிருந்து. "காரை வெயில்லயே நிறுத்திக்கிறேன்."

அவர்கள் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அண்ணன் சொன்ன காதல் வசனம் என்று எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். அதை நான் செதுக்கவில்லை. சொன்னபடியே வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கவிழ்த்து வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். நன்றாக வந்த வாக்கியங்களை இவ்வளவு சந்தோஷமாக நான் கிழித்ததேயில்லை. (அப்படியானால் ஐந்தாம் பகுதியில் அவை எப்படி இருக்கின்றன என்று கேட்பீர்கள். மனப்பாடம். எழுத்தாளரை நம்பாதீர்கள்.)

8.

இங்கே ஓர் உவமை என் கையைப் பிடித்து இழுத்தது. துண்டு மரமும் கைவிட்ட வாக்கியமும்... அண்ணி முந்திக்கொண்டார். "மரமும் கதையும் ஒண்ணுன்னு மட்டும் எழுதிடாதே. மரத்துல உக்காரலாம்."

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இனி அறுப்பதும் தேய்ப்பதும் கொட்டகைக்கு வெளியே, திறந்த வெளியில்தான். அண்ணன் தூசியை இழுத்து வெளித்தள்ளும் மின்விசிறி ஒன்றைச் சுவரில் பொருத்தினார். கண்ணாடிக் கடையில் வில்லைக்குத் தடவும் ஏதோ ஒரு திரவத்தைத் தடவியதும், மாஸ்க் போட்டாலும் ஆவி படியவில்லை. "இத்தனை நாள் ஏன் தோணலை?" என்று அண்ணன் கேட்டதற்கு, "கடை வேலையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன்" என்றார்.

முதல் வேலையாக டிரம்மைத் தரையில் கொட்டினார். மிச்சமிருந்த மரம் அது ஒன்றுதான். நீளவாரியாகப் பிரித்தார். உளுத்ததை மட்டும் ஒதுக்கினார். மற்றவற்றை ஒட்டி, இரவல் ரம்பத்தால் அறுத்து, சுவர் நெடுகத் தாங்கிகள் அடித்தார். ஒவ்வொன்றும் மூன்று நான்கு நிறம்.

அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். "வைக்கிறதுக்கு ஒரு பலகைகூட இல்லையேம்மா?"

"வரும்" என்றார் அண்ணி.

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது லேசான காரியமில்லை. படச்சட்டக்காரர் மட்டும் கேட்பதற்கு முன்பே ரம்ப மேஜையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கும்பிட்டார். "தாயே, இடத்தை அடைக்குது." உளிக்காரர், "நான் இன்னும் பிரிக்கவே இல்லையே" என்று பொட்டலமாகவே கொடுத்தார். எதிர்வீட்டில் தேக்குப் பலகைகள் நாய்வீடாகியிருந்தன. கூரை, வாசற்படி எல்லாம் வைத்த வீடு. நாய் அதற்குள் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூலையெல்லாம் நல்லாதான் சேத்திருக்காரு" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

9.

மிச்சம், இழைப்புளி.

நர்ஸ் வீட்டுக்கு அண்ணியோடு நானும் போனேன். வாசலில் நின்றோம். உள்ளே இழைக்கும் சத்தம் கேட்டது. தடதடவென்று, கல்லில் வண்டிச் சக்கரம் ஏறினாற்போல. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு இழுப்பு. அவள் வேலைக்குப் போய்வந்து, உடை மாற்றி, ஓய்வெடுக்காமல் இதில் உட்கார்ந்திருக்கிறாள்.

அண்ணி மணியடிக்கக் கையைத் தூக்கினார். தயங்கினார்.

"சீவுற தகடு ரொம்ப வெளியே துருத்திட்டு இருக்கு" என்றார் என்னிடம். "பலகையைப் பிய்க்குது."

"கேட்டு வாங்கிடுங்க அண்ணி. உங்களோடதுதானே?"

"கொடுத்துட்டேனே."

"எதுக்குக் கொடுத்தீங்கன்னு சொல்லுங்க. புரிஞ்சுக்குவா."

அண்ணி மணியடித்தார். நர்ஸ் தலைமுடியெல்லாம் சீவலோடு கதவைத் திறந்தாள். "அக்கா! வாங்க, வாங்க, இதைப் பாருங்களேன், எவ்வளவு இழைச்சாலும்—" என்று அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நான் தெருவிலேயே நின்றேன்.

சத்தம் நின்றது. பேச்சுக் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. சின்னதாக இரண்டு தட்டு. சுத்தியல்தான், தகட்டைச் சரிசெய்கிற சத்தம். பிறகு மறுபடி இழைக்கும் சத்தம். இந்த முறை தடதடப்பு இல்லை. பட்டுத்துணி கிழிவதுபோல நீளமாக, ஒரே இழுப்பு. இன்னொன்று. இன்னொன்று.

இழைப்பது யார் என்று வெளியிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அண்ணி என்ன கேட்டார், நர்ஸ் என்ன சொன்னாள், வெளியே வரும்போது கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் பிறகு எனக்குத் தெரியவந்தது. எழுதியும் பார்த்தேன். அண்ணி படித்துவிட்டு, "இது எனக்கும் அவளுக்கும் உள்ளது" என்று அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். ஆகவே என்னிடம் முடிவு இல்லை. உங்களிடம் ஒன்று இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை. நான் தெருவில்தான் நிற்கிறேன், உள்ளே இன்னும் இழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.