கைக்காந்தம்

எங்கள் ஸ்கேன் சென்டரின் வரவேற்பு மேஜை இழுப்பறையில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எப்போதும் இருக்கும். பேனா தீர்ந்துபோனால் சபீனா கவலைப்பட மாட்டாள். மஞ்சள் தீர்ந்தால் உடனே ஆளனுப்பி வாங்கிவிடுவாள்.

எம்ஆர்ஐ அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் மறுபேச்சில்லாமல் கழற்றித் தரும் பெண்கள், தாலி என்றதும் கையைக் கழுத்தில் வைத்துக்கொள்வார்கள். "பங்காரம் தீசேயண்டி அம்மா", தங்கத்தைக் கழற்றிவிடுங்கள் அம்மா என்று சபீனா தெலுங்கில் எத்தனை தரம் கெஞ்சினாலும் நடக்காது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை முதலில் கட்டிவிட்டு, பிறகு தாலியைக் கழற்றலாம். கழுத்து ஒரு கணமும் வெறுமையாக இருக்காது. கட்டுவது கணவன். திருப்பதி வெயிலில் அலைந்த முகத்தோடு, ஹாலில் எல்லோர் முன்னாலும், இரண்டாம் முறையாகக் கயிறு கட்டும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிலர் முடிச்சுப் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியின் தலையை ஒருமுறை தொடுவார்கள். அப்போது ஹாலில் இருப்பவர்கள் எல்லோரும் டிவியைப் பார்ப்பார்கள்.

நானும் வேலைநேரத்தில் மஞ்சள் கயிற்றோடுதான் இருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று டிவி பார்த்துக்கொண்டே என் கணவர் ரவி கட்டிவிட்டது.

ஒருநாள் அகிலா அண்ணி ஸ்கேனுக்கு வந்திருந்தாள். என் அண்ணன் புருஷோத்தமனின் மனைவி. சில மாதங்களாகத் தலைவலி. வலது கண் ஓரத்தில் நூல் நூலாக எதுவோ ஓடுகிறது என்றாள். சித்தூர் டாக்டர் தலைக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். நாள் தள்ளக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். நகரியில் எங்கள் வீட்டு விசைத்தறி இரண்டையும் அவள்தான் ஓட்டுகிறாள். அண்ணன் சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. முதலில் வாராவாரம் வந்தான். பிறகு பண்டிகைக்கு. பிறகு போனில். அங்கே அவன் தனியாக இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அண்ணிக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"வந்துக்கினு கீறாரு. புத்தூர் தாண்டிட்டாராம்" என்றாள் அண்ணி, போனை முந்தானையில் துடைத்தபடி.

"அக்கா, புத்தூர்லருந்து நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கலாமே" என்றாள் சபீனா.

"உங்க அண்ணன் நடப்பாரா? தெருமுனைக்குப் போறதுக்கே பவுடர் போட்டுக்கினு போற ஆளு."

மூவரும் சிரித்தோம். அண்ணிதான் அதிகம் சிரித்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். ஸ்கேனுக்கு உடை மாற்ற வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். இருந்தாலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அவளுடைய முறை வந்தது; அடுத்தவரை உள்ளே அனுப்பினேன். மறுபடி வந்தது, மறுபடி வேறொருவரை அனுப்பினேன். டாக்டர் மதியத்தோடு கிளம்பிவிடுவார்.

"அண்ணி, நான் கட்றேன். மூணாவது முடிச்சு நான் போட்டதுதானே?"

எங்கள் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சு போடுவான். மற்ற இரண்டையும் அவன் தங்கை போட்டு முடிப்பாள். அந்த உரிமையில் கேட்டேன்.

"மூணாவது முடிச்சுக்காரி, நீ சும்மா இருடி. மொத முடிச்சு போட்டவரு வரட்டும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒனக்குத் தெரியுமா? அவரு சத்தியவேடு போறதுக்கு முன்னாடி தாலி வளையம் தேஞ்சி போச்சி. 'அத்துக்கினு வுழுந்தா அபசகுனம், பத்த வெச்சிக் கொண்டாறேன்'னு அவரே வாங்கிக்கினு போனாரு. வெள்ளிக்கெழம திரும்பக் கொண்டாந்தாரு. தலைக்கு ஊத்திக்கினு வந்து, மஞ்சக் கொம்பு கோத்து அவரே கட்டி வுட்டாரு. சாமி படத்துக்கு முன்னாடி. கண்ணெல்லாம் கலங்கிப் போச்சி அவருக்கு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்பிடிக் கட்டல" என்றாள்.

இந்தக் கதையை அவள் எனக்கு முன்பும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அண்ணனின் கண் கொஞ்சம் அதிகமாகக் கலங்கும்.

எங்கள் வேலையில் உலகத்துப் பொருள்கள் எல்லாம் மூன்று வகைக்குள் அடங்கும். தங்கம், செம்பு, வெள்ளி, தண்ணீர், மனித உடம்பு இவையெல்லாம் காந்தத்தைக் கண்டால் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்ல விலகும். அலுமினியம், டைட்டானியம் போன்றவை காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை கொஞ்சம் அதன் பக்கம் சாயும், எடுத்துவிட்டால் மறந்துவிடும். இரும்பும் நிக்கலும் ஓடிவந்து ஒட்டும். அதிலும் எஃகு, காந்தம் போன பிறகும் அதன் ஒரு பங்கை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

மனிதர்களையும் இப்படிப் பிரிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தவறு என்று தெரிந்தும் விடவில்லை. அண்ணி எஃகு. நான் முதல் வகை. யாராவது நெருங்கி வந்தால் என் உள்ளே ஏதோ ஒன்று மெல்லப் பின்வாங்கும். ரவிக்கு அது தெரியும், சொல்ல மாட்டார். அண்ணனை இரண்டாம் வகையில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருக்கும்போது அவன் காட்டும் பிரியம் பொய்யில்லை. தூரம் போனதும் போய்விடுகிறது, அவ்வளவுதான், அது அந்தப் பொருளின் இயல்பு என்று. இப்படி ஒரு விளக்கம் கிடைத்ததும் அவனை மன்னிப்பது எளிதாக இருந்தது. கூடப் பிறந்தவனை வெறுக்காமல் இருக்க எனக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டது.

உடை மாற்றும் அறைக்கு அண்ணியைக் கூட்டிப் போனேன். அவள் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஊக்கெல்லாம் எடுத்தாச்சி. இனிமே தங்கம் மட்டுந்தான். தங்கத்த காந்தம் இழுக்காதுன்னு நீதான சொன்ன? இதோடவே உள்ள போறேனே. அவரு வந்தா 'காத்துக்கினு இல்லாம கழட்டிட்டியா'ன்னு கேப்பாரு."

"இழுக்காது அண்ணி. ஆனா படத்துல நெழல் வுழும்."

அவள் முகத்தைப் பார்த்தபோது மறுக்க மனம் வரவில்லை. விரலில் இறுகிக் கழற்ற முடியாமல் போன மோதிரங்கள் வரும்போது, கைக்காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு, டேப் ஒட்டி உள்ளே அனுப்பியிருக்கிறோம். அண்ணிக்காகவும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. மேஜையிலிருந்து கைக்காந்தத்தை எடுத்து வந்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சிறிய கறுப்புக் கட்டி.

அவள் கழுத்தருகே அதைக் கொண்டுபோனேன். தாலி எழுந்து வந்தது.

மஞ்சள் கயிறு விறைத்து நீண்டது. டக்கென்ற சத்தத்தோடு தாலி காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

ஊக்கு எங்காவது மிச்சமிருக்கிறதா என்று கயிற்றைத் தடவினேன். இல்லை. ஒட்டியதைப் பிய்த்து மறுபடி வைத்தேன். மறுபடி வந்தது. வளையம் மட்டும் இல்லை, முழுத் தாலியும். தினமும் பூசிய மஞ்சள் அதன்மேல் தடித்துப் படிந்திருந்தது. அது படும் இடத்தில், மார்புக் குழியில், கறுத்த தடிப்பு ஒன்று இருந்தது. புது மஞ்சள் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் ஒருமுறை சொன்னாள்; நானும் களிம்பு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

கவரிங் என்றால்கூடப் பெரும்பாலும் செம்பு இருக்கும். செம்பு ஒட்டாது. அவன் செம்பில் செய்து முலாம் பூசியிருந்தால் என் கையிலிருந்த காந்தம் எதையும் சொல்லியிருக்காது. அண்ணி அந்த வெள்ளிக்கிழமையோடு சாகும்வரை இருந்திருப்பாள். அந்த அளவுக் கவனம்கூட அவனுக்குத் தேவைப்படவில்லை. என் மூன்று வகைகளில், யோசித்துத் திட்டமிட்டுச் செய்கிறவர்களுக்கு இடமே வைத்திருக்கவில்லை நான். அந்தத் தங்கம் இப்போது யார் கழுத்தில் இருக்கும்?

"பத்த வெச்ச எடத்துல வேற எதனா கலந்திருப்பாங்க அண்ணி" என்றேன். "நிக்கல்னு ஒண்ணு..."

"கௌசி." அவள் காந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தறிக்கடியில வுழற ஆணி, திருகெல்லாம் பொறுக்கறதுக்கு உங்க நைனா ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்த கயித்துல கட்டி வெச்சிருந்தாரில்ல? இப்ப நாந்தான் அத இழுத்துக்கினு சுத்தறேன். ஒரு தரம் வெள்ளிக் கொலுசு அத்துக்கினு வுழுந்துச்சி. அதுல வரல. கைய வுட்டுத்தான் எடுத்தேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"அங்க ஒருத்தி கீறான்னு தெரியும்டி. ஊர்ல அத்தினி பேரும் எங்கிட்ட சொல்லாம சொல்லிட்டாங்க. நீகூட." அவள் தாலியைக் காந்தத்திலிருந்து மெதுவாக விடுவித்தாள். "ஆனா அன்னிக்கு மஞ்சக் கட்னது நெசம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கயிற்றைத் தலைவழியே அவளே கழற்றித் தட்டில் வைத்தாள், ஊக்குகளின் பக்கத்தில்.

கதவைத் தட்டிக்கொண்டு சபீனா எட்டிப் பார்த்தாள். கையில் மஞ்சள் கோத்த கயிறு. "அக்கா, டாக்டர் கேக்கறாரு. அண்ணா வந்தாச்சா? இல்ல, கௌசி அக்காவே..."

"வாணாம்மா. அத வேற யாருக்குனா வெச்சிரு."

சபீனா வெறும் கழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

அண்ணியைப் படுக்க வைத்தேன். தலைக்கு இருபுறமும் பஞ்சு வைத்து, காதை மூடும் முன் சொன்னேன்: "சத்தம் பெருசா இருக்கும். பயப்படாத. அசையக் கூடாது."

"தறிச் சத்தத்தவிடவா?" என்றாள். பிறகு, "அழலாமா?"

"அழுதா தலை அசையும் அண்ணி."

"செரி. அப்பறம் பாத்துக்கறேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இயந்திரம் தட்டத் தொடங்கியது. உள்ளே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன, வெடித்த குதிகால், மெட்டி கழற்றிய விரலில் வெளுத்த வளையம். அவளுடைய போன் என் மேஜையில் அதிர்ந்தது. எடுத்தேன்.

"நாந்தான் அண்ணா."

"இன்னாடி, முடிஞ்சிச்சா? இங்க லைன்ல ஆளே இல்ல, சூப்பர்வைசர் வுட மாட்டேன்றான். ஒண்ணு பண்ணு, நீயே மஞ்சக் கட்டி வுட்டுடு. மூணாவது முடிச்சு நீ போட்டதுதான?"

நான் சொன்ன அதே வார்த்தைகள். என் வாயிலிருந்து வந்தபோது அது அன்பாகத்தான் இருந்தது.

"புத்தூர் தாண்டிட்டேன்னு சொன்னியாமே."

"அவ எதனா சொல்லுவா."

"அண்ணா, தாலி வளையம் எந்தக் கடையில பத்த வெச்ச?"

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஏன் கேட்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சநாள் அவனை நம்ப எனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

"சிக்னல் இல்ல கௌசி. அப்பறம் பேசறேன்."

திரையில் படங்கள் வரத் தொடங்கின. டாக்டர் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மடிப்பு மடிப்பாக அண்ணியின் மூளை. பயந்ததுபோல எதுவும் இல்லை, கண்ணுக்குத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும், ரிப்போர்ட் பிறகு தருகிறேன் என்று சொல்லிப் போனார். நல்ல செய்திதான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் அழக் கூடாது என்று சொல்லிவிட்டு நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணி எழுந்து வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டேன். உடை மாற்றும் அறை மேஜைமேல் கைக்காந்தம் அப்படியே கிடந்தது. அவள் கண்ணில் படக் கூடாது என்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

புதுப்புடவையை மறுபடி கட்டிக்கொண்டாள். தட்டிலிருந்து மெட்டி, வளையல். பிறகு தாலியை எடுத்தாள்.

"அண்ணி, எதுக்கு?"

"பஸ்ல போணுமில்ல? வெறுங்கழுத்தா போனா நகரியில எறங்கறதுக்குள்ள எத்தினி பேருக்குப் பதில் சொல்றது?" ஊக்குகளைப் பழையபடி கோத்தாள். "அவரு போன் பண்ணாரா?"

"பண்ணான்."

"எங்க, புத்தூரா?"

அவள் சிரிக்க முயன்றது தெரிந்தது. கழற்றியபோது இழுபட்டு முடிச்சு நெகிழ்ந்திருந்தது. முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டினாள்.

"போடு."

போட்டேன். கல்யாணத்தன்று என் விரல்களில் குங்குமம் ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது. இறுக்கமாகப் போட வேண்டுமா, தளர்வாகவா என்று தெரியவில்லை.

"தலையில ஒண்ணுமில்ல அண்ணி. டாக்டர் சொல்லிட்டாரு."

"ஒண்ணுமில்லயா?" என்று திரும்பினாள். அதுவரை அசையாமல் வைத்திருந்த முகம் உடைந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்மேல் சாய வந்தாள்.

என் பையில் காந்தம் இருந்தது. தாலி இப்போது எழுந்து என் பக்கம் வரும், அவள் அதைப் பார்ப்பாள். நான் ஓர் அடி பின்னால் போனேன்.

நீட்டிய கைகளோடு அவள் அங்கேயே நின்றாள். ஏன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.