சோப்புத் தட்டில் ஒரு மோதிரம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. என் தொண்டை முன்போல ஒத்துழைப்பதில்லை. தள்ளி உட்காருகிறவர்களுக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். இன்றைக்கு, வேலை தேடி அலைந்த ஒருத்தியின் கதை சொல்லப் போகிறேன். பேய் பிசாசு எதுவும் வராது. ஆனாலும் நடுவில் ஒரு இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

அவளை வீட்டில் எல்லோரும் போலீஸ்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். போலீசுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ரெடிமேட் துணி கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். தைத்து வருகிற சட்டையைத் திருப்பி, விளக்கடியில் விரித்துப் பிடித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எந்தப் பட்டன் ஒரு நூல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று குற்றம் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதைச் செய்ததில் கண் அப்படியே பழகிப்போனது. கடைக்காரர் சிரித்தால் இவள் தராசைப் பார்ப்பாள். யாராவது வலிய வந்து உதவினால் கைப்பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்வாள். "கல்யாணத்தன்னைக்கே என் சட்டைக் காலரைத் திருப்பிப் பாத்தவ இவ. நான் ஃபர்ஸ்ட் குவாலிட்டியா செகண்ட்ஸான்னு இன்னும் முடிவு சொல்லல" என்பார் வேன் ஓட்டுகிற அவள் புருஷன்.

அந்தக் கம்பெனி மூடிவிட்டது. வாடகை கட்ட முடியாமல் புருஷனும் பெண்டாட்டியும் நாத்தனார் வீட்டு மாடி அறைக்கு வந்தார்கள். நாத்தனார் கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். அவளுடைய மகனுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. அந்த அறை புதுசாக வரும் ஜோடிக்கு வேண்டும். வேறு வீடு பார்க்கலாம் என்றாலோ, எந்த வீட்டுக்காரரும் முதலில் கேட்பது ரெண்டு பேருக்கும் வேலை இருக்கிறதா என்பதுதான். ஆக, போலீஸ்காரிக்கு ஒரு வேலை கிடைத்தால்தான் தலைக்கு மேல் கூரை. தினமும் காலையில் அவள் படியிறங்கும்போது, "ஏம்மா, இன்னைக்கு எந்தக் கம்பெனிக்கு முதலாளி ஆகப் போறே?" என்று கீழேயிருந்து குரல் வரும். "உங்க வாய் முகூர்த்தம் அண்ணி, முதலாளி ஆயிட்டா உங்களைத்தான் முதல்ல வேலைக்கு எடுப்பேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவாள்.

போன இடத்திலெல்லாம் இவளுக்குச் சோதனை வைத்தார்கள். டைல்ஸ் ஷோரூமில் ஒரு ஆள் வந்து, வாங்காத கல்லுக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். இவள் பொறுமையாக நின்று பதில் சொன்னாள். கடைசியில் பார்த்தால் அவன் முதலாளியின் மச்சானாம், பொறுமையைச் சோதித்தார்களாம். மருந்துக் கிடங்கில் காத்திருக்கும் அறையில் சாக்லேட் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு நேர் மேலே காமிரா மாட்டியிருந்தார்கள். போனில் பதில் சொல்லும் கம்பெனியில், ஒரு பெண் குரல் கேவிக் கேவி அழுதது. இவளும் கண் கலங்கி ஆறுதல் சொன்னாள். கதவைத் திறந்துகொண்டு பக்கத்து அறையிலிருந்து அந்த அழுத பெண்ணே சிரித்தபடி வந்தாள். பயிற்சி கொடுக்கிறவளாம். "ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டீங்க மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் போலீஸ்காரி ஒரு முடிவுக்கு வந்தாள். வேலை கொடுக்கிற இடத்தில் நடப்பது எல்லாமே நாடகம். இனி ஏமாறப்போவதில்லை.

அந்த முடிவோடுதான் ஓட்டலுக்குப் போனாள். தங்கும் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. முதல் நாள் வேலை செய்து காட்ட வேண்டும்; பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். சூப்பர்வைசர் அம்மா இடுப்பில் சாவிக்கொத்தும் முகத்தில் மாறாத சிரிப்புமாக இருந்தாள். தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். போலீஸ்காரி அந்த டீயையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

காலி செய்திருந்த ஒரு அறையின் குளியலறையில், வாஷ்பேசின் ஓரத்தில், சோப்புத் தட்டில் அது கிடந்தது. தங்க மோதிரம். கையில் எடுத்ததும் செக்கிங் கண் தானாக வேலை செய்தது. தேய்ந்த மோதிரம். விரலுக்குத் தளர்வாக இருந்ததால் அடிப்பக்கம் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். நூல் பழசாகி மஞ்சளடித்து, சுற்றுகளுக்கு இடையில் சோப்பு காய்ந்திருந்தது. முடிச்சு உள்பக்கம். ஒரு மனுஷி பல நாள் கையில் போட்டிருந்த மோதிரம் இது என்று கண் சொன்னது. மனசு கேட்கவில்லை. "அடேயப்பா, நூலெல்லாம் சுத்தி எவ்வளவு தத்ரூபமா வச்சிருக்காங்க!" என்று வியந்துகொண்டது.

நேராகப் போய்ச் சூப்பர்வைசர் அம்மாவின் உள்ளங்கையில் அதை வைத்தாள். "இந்தாங்க மேடம், உங்க சோதனை. நான் இதுமாதிரி நிறைய பாத்துட்டேன்" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

சூப்பர்வைசர் அம்மாவின் சிரிப்பு ஒரு நொடி எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. "கெட்டிக்காரிம்மா நீ" என்று முதுகில் தட்டினாள். "பாஸாயிட்டே. ஆனா இதை வெளிய சொல்லிடாதே. நாளைக்கு வர்றவங்களுக்கும் வைக்கணுமில்ல." மோதிரம் அவள் இடுப்புப் பைக்குள் போனது. அன்று மாலையே காப்பி நிறச் சீருடை கிடைத்துவிட்டது.

வீட்டில் அன்றைக்குப் பார்க்க வேண்டுமே! புருஷன் சீருடையின் காலரைத் திருப்பிப் பார்த்து, "ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்று தீர்ப்புச் சொன்னார். நாத்தனார் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தானே இஸ்திரி போட்டாள். "மடிப்பு கலைஞ்சு போய் நின்னா என் தம்பி மானம் போயிரும்" என்றாள். புருஷன் மறுநாளே ரெண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்.

வேலை பழகியது. ஒருநாள் மத்தியானம், சலவை அறையில் துணி மடிக்கிற அக்காவோடு சாப்பிடும்போது போலீஸ்காரி சும்மா கேட்டாள்: "அக்கா, உங்களுக்கும் மோதிரம்தான் வச்சாங்களா, வேற ஏதாவதா?"

"எந்த மோதிரம்?"

"சேரும்போது. நாம திருடுறோமான்னு பாக்க."

அக்கா வாயில் வைத்த சோற்றோடு சிரித்தாள். "எனக்கு விளக்குமாறுதான் வச்சாங்க. மோதிரம் வாங்கிச் சோதனை பண்ற ஓட்டலா இது? முதல்ல குழாயைச் சரி பண்ணச் சொல்லு."

போலீஸ்காரி சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். அதற்குப் பிறகு சூப்பர்வைசர் அம்மா தூரத்தில் நடந்தாலே சாவிச் சத்தத்துக்குக் காது நிமிர்ந்தது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே கையில் மோதிரத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டோமா? இல்லை, அக்காவும் இந்த நாடகத்தில் ஒரு ஆளா? எதை நம்புவது என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை அவளைக் கீழே வரச் சொன்னார்கள். வரவேற்பில் சோபாவின் நுனியில், மடியில் பையை வைத்துக்கொண்டு, நரைத்த தலையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே இளவயது மேனேஜர். பக்கத்தில் சூப்பர்வைசர் அம்மா, அதே சிரிப்போடு.

"நான் யாரையும் குத்தம் சொல்ல வரல தம்பி" என்றாள் அந்த அம்மா. "இங்க தங்கி ஆஸ்பத்திரிக்கு அலைஞ்ச அலைச்சல்ல எங்க கழட்டி வச்சேன்னு தெரியல. பஸ்ஸிலயும் கேட்டுட்டேன். அவர் போட்டுவிட்டது. விரல் மெலிஞ்சதுல நிக்கலன்னு நூல் சுத்தி வச்சிருந்தேன்." அழுகை வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அந்த ரூமைப் பண்ணது யாரு?" என்றார் மேனேஜர்.

"இவங்கதான் சார். தங்கமான பொம்பளை" என்றாள் சூப்பர்வைசர் அம்மா. "ரூம்ல ஒண்ணுமே இல்லைன்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னாங்க. இல்லம்மா?"

தலையை ஆட்டினால் போதும். சீருடை இருக்கும், ரெண்டு அறை வீடு இருக்கும். உண்மையைச் சொன்னால் யார் சாட்சி? மோதிரத்தை எடுத்தது இவள் கை. கொடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அப்போதும் பாருங்கள், அந்தப் பாழும் மனசு ஒரு மூலையிலிருந்து கேட்டது: இந்த அழுகையும் பக்கத்து அறை அழுகையாக இருந்தால்? இதுவும் ஒரு சோதனையாக இருந்தால்?

போலீஸ்காரி அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் நடிக்கும். கையைப் பார்த்தாள். வாயைப் பொத்தியிருந்த கையில் ஒரு விரலின் அடியில் மட்டும் தோல் வெளுத்து, லேசாகக் குழிந்திருந்தது. தையல் பிரித்த துணியில் பழைய தையலின் தடம் போகாமல் நிற்குமே, அதுபோல. கட்டைவிரல் அடிக்கடி அந்த இடத்துக்குப் போய், தொட்டுப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

அவள் மேனேஜரிடம் பேசவில்லை. சோபாவின் முன்னால், இஸ்திரி மடிப்பு கலைய, முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்த நூலோட முடிச்சு... உள்பக்கமாத்தானே போட்டிருந்தீங்க?"

அந்த அம்மா கையை வாயிலிருந்து எடுத்தாள். "ஆமாம்மா. வெளிய இருந்தா துணியில மாட்டுது" என்றாள். பிறகு, மெதுவாக, "உனக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜரின் பேனா நின்றது. லிஃப்ட் கதவு திறந்தது, உள்ளே யாரும் இல்லை, மறுபடி மூடிக்கொண்டது. எந்நேரமும் கலகலவென்று இருக்கும் சாவிக்கொத்தைச் சூப்பர்வைசர் அம்மாவின் கை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா, பொழுதாகிறது, எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து வேலை தேடிப் போகிறவர்கள், மனுஷர்களை மனுஷர்களாக நடத்துகிற வாசலில் போய் ஏறட்டும். வெறுங்கையோடு திரும்புகிற நாளிலும், ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டுகிற கை உள்ளே இருக்கட்டும். உங்கள் வீட்டில் கழற்றி வைத்தது எதுவும், வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.