கல்யாணக் கார்

காரின் முன்பக்கத்தில் கடைசி ரிப்பனை இழுத்துக் கட்டிவிட்டு, அண்ணி மூக்கைச் சிந்தியபடி சாவியை நீட்டினாள்.

"நீதான் ஓட்டணும். பொண்ணு வீட்டுல காத்துட்டிருப்பாங்க."

"அண்ணனை உள்ள கிடத்தி வச்சுட்டு, நான் எப்படி அண்ணி…"

"வாக்குக் குடுத்தது அவரு. ஊரெல்லாம் இன்னிக்குக் கல்யாணம், வேற கார் எங்க கிடைக்கும்? எடுக்கறதுக்குச் சாயங்காலம் ஆகும், அதுக்குள்ள வந்துடு. நல்ல காரியத்துக்குப் போறவங்க காதுல மட்டும் இதைப் போடாதே."

கல்யாணப் பெண்களை மண்டபத்துக்கு அழைத்துப்போவதுதான் அண்ணனுக்குத் தொழில். விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கையும் வண்டி ஓட்டிப் பிழைப்பவள்தான், பள்ளி வேன். ஆனால் அந்த நீளமான பழைய காரை அவர் யாருக்கும் தந்ததில்லை. "உன் வேன் எருமை, என்ன பண்ணாலும் நடக்கும். இவ ரோஷக்காரி," என்பார்.

கியர் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. முதல் கியர் என்று நினைத்துத் தள்ளினாள். கார் பின்னால் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சாய்த்தது. அதில் உட்கார்ந்திருந்த பெரியப்பா துள்ளி எழுந்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதும்மா!"

அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். இந்தக் காரை எங்கேயாவது இடித்தால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் அவர் இனி கண் திறக்கப்போவதில்லை என்பது உறைத்தது.

பெண் வீடு போவதற்குள் கார் மூன்று தடவை நின்றது.

"ஆமை அண்ணன் வரலையா?" என்றாள் மணப்பெண். மெதுவாக ஓட்டுவதால் ஊர் வைத்த பெயர் அது. "எங்க அக்காவுக்கு அவர்தான் ஓட்டினாரு."

"அவருக்கு முடியலம்மா. நான் தங்கச்சி."

பெண்ணும் அவள் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். பெண் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருப்பது கண்ணாடியில் தெரிந்தது. கதவு சாத்திய சத்தம் கேட்டதும் இவள் வாய் பழக்கத்தில் கத்தியது.

"எல்லாரும் உக்காந்தாச்சா? யாரும் கையை வெளிய நீட்டக் கூடாது!"

மணப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரிங்க மிஸ்!" என்றாள். இவளுக்கும் சிரிப்பு வந்தது. தோள் இறங்கியது. கியர் தானாகப் போய் உட்கார்ந்த மாதிரி விழுந்தது.

சின்ன வயதில் கட்டில்தான் அண்ணனுடைய கார். சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து முன்னால் உட்கார்வார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் இவள்தான் கல்யாணப் பெண். மேடு பள்ளம் வந்தால் "பிடிச்சுக்கோ" என்று திரும்பிப் பார்ப்பார். அந்தக் கட்டில் எந்தக் காலத்தில் யார் வீட்டுக்குப் போனதோ! சாலையில் ஒரு பள்ளம் வந்தது. காலை மெல்ல அழுத்தி, குழந்தையை இறக்கிவிடுவதுபோல் காரை இறக்கி ஏற்றினாள். ரோஷக்காரி முனகக்கூட இல்லை.

"பாருங்களேன், ராத்திரியெல்லாம் பயத்துல கண்ணை மூடல," என்று பெண்ணின் அம்மா கிசுகிசுத்தாள். இவள் கண்ணாடியில் பார்த்தாள். பெண் அம்மாவின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சில நாள் வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும்போதே அண்ணியிடம் பெருமை பேசுவார்: "இன்னிக்குப் பொண்ணு தூங்கிட்டா." அந்த நாட்களில் இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும்.

சாலை கலங்கித் தெரிந்தது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, இன்னும் மெதுவாக ஓட்டினாள்.

அவர்களை மண்டபத்தில் இறக்கிவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது வாசல் நிறைந்திருந்தது. கார் ஒரே வளைப்பில் சுவரோரம் போய் நின்றது. தங்கை வந்துவிட்டாள், இனி ஒப்பாரி வைப்பாள் என்று எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அவள் அழவில்லை. அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, காதருகே குனிந்தாள்.

"அண்ணே, பொண்ணு தூங்கிட்டா."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.