வெளியே போயிருந்த சுவர்

அண்ணன் வீட்டையும் தம்பி வீட்டையும் பிரித்துக்கொண்டு நின்ற சுவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தது. அந்த வாரம்தான் தக்காளி விலை இறங்கியது, தபால் நிலையத்துக்கும் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அதனால் தெருவில் யாரும் சுவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையில் கீறல் இல்லை, கூரையில் விரிசல் இல்லை. சுவரில் பதித்திருந்த ஸ்விட்ச் போர்டும் கூடவே நகர்ந்தது, அப்படியும் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மின்சார ஆபீசில் புகார் கேட்கும் தொலைபேசிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்த்த தம்பி மனைவி, விசிறியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஓடுகிற சாமானுக்குப் புகார் எழுத முடியாது என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அந்தச் சுவர் பிறந்ததற்குக் காரணம் ஒரு ஜன்னல். முன்பு அது ஒரே நீள ஹால், கோடியில் இரட்டைக் கதவு வைத்த ஒரே பெரிய ஜன்னல். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இரும்புக் கூண்டுக்குள் கிடந்துவிட்டு வருகிறவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தம்பி மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்துவிட்டு வருகிறவருக்குத் தூசி என்றாலே ஆகாது, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். திறந்து மூடி, மூடித் திறந்து, பேச்சு வளர்ந்து, ஒருநாள் அண்ணன் போய்க் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார், தம்பி செங்கல் வாங்கிக்கொண்டு வந்தார். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த கடைசி வேலை அதுதான். கொத்தனார் ஹாலின் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டே போய் ஜன்னலின் நடுக்கட்டையில் முட்டி நிறுத்தினார். அண்ணன் பக்கத்துக் கதவு அன்றிலிருந்து திறந்தே இருந்தது, தம்பி பக்கத்துக் கதவு மூடியே இருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் வீடு ஒரு கண்ணை அடிப்பதுபோல இருக்கும். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பேசவில்லை. அவர்கள் மனைவிமார் மட்டும் கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் கயிற்றடியில் தினமும் பேசிக்கொண்டார்கள். அது இரண்டு வீட்டு ஆண்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்தார்கள்.

தம்பிக்கு ஒரே மகள். எப்போதும் இடுப்பில் அளவு டேப்பைச் செருகிக்கொண்டு திரிந்ததால் அவள் பெயரே டேப் என்று ஆகிவிட்டது. சுவர் வருவதற்கு முன்னால் அவள் பெரியப்பாவின் செல்லம். விடுமுறை நாட்களில் அவர் அவளை வேலை நடக்கும் கட்டடங்களுக்குக் கூட்டிப்போய் லிஃப்டில் மேலும் கீழும் ஏற்றி இறக்குவார். சுவர் வந்த பிறகு அவருடைய இருமல் சத்தம் மட்டும்தான் அவளுக்கு மிச்சம். இன்டீரியர் டிசைன் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது அப்பா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"சோபாவை எந்தப் பக்கம் போடறதுன்னு படிக்க நாலு வருஷமா? உங்கம்மா அரைமணி நேரத்துல போட்டுடுவாளே."

அம்மாவோ, நான் போட்ட சோபாவில்தான் யாரும் நிம்மதியாக உட்காரவில்லையே, படிக்கட்டும் என்றாள். டேப் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். முதல் வருஷம் முழுக்க நேர்க்கோடு போடச் சொல்லித் தந்தார்கள். அட்டையை வெட்டி மாடல் செய்ததில் அவள் விரல்களில் எப்போதும் பசை காய்ந்திருக்கும், அதை உரித்துக்கொண்டே பஸ்ஸில் வருவாள். அங்கே ஸ்டுடியோ எடுத்த மேடத்துக்கு ரப்பர் மேடம் என்று பெயர். எந்தத் தாளைக் காட்டினாலும் முதலில் ரப்பரைத்தான் நீட்டுவார். அவர் கையால் பாராட்டு வாங்கிய மாணவி என்று யாரையும் கல்லூரி கண்டதில்லை. ஒருமுறை ஒரு பெண்ணின் மாடலைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லாமல் போனதை அவள் வீட்டார் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினார்களாம்.

இரண்டாம் வருஷம் ரப்பர் மேடம் அவரவர் வீட்டை வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளந்து வரைந்து வரச் சொன்னார். கடைசியில் தானே வீட்டுக்கு வந்து தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், ஒத்துவராவிட்டால் அந்த வருஷத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான். டேப் தன் பக்கத்தை ஒழுங்காக அளந்தாள். பெரியப்பா பக்கத்துக்குள் போக வழியில்லை, கேட்கவும் வாயில்லை. சின்ன வயது ஞாபகத்தை வைத்து அடித்துவிட்டாள். ஞாபகத்தில் எல்லாம் பெரிதாக இருந்ததால் அந்தப் பக்கமும் பெரிதாகவே வந்தது. ரப்பர் மேடம் கூட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற இரண்டு பாதியையும் சேர்த்தால் வெளிச்சுவரைத் தாண்டிப் போகிறதே என்றார்.

"ஒண்ணு உன் தாள் பொய் சொல்லுது, இல்லைன்னா உன் வீடு பொய் சொல்லுது. எதையாவது ஒண்ணைத் திருத்து."

வீட்டைத் திருத்த முடியாதென்று டேப் தாளைத் திருத்தினாள். அதையும் நேர்மையாகச் செய்யவில்லை. கணக்கு இடிக்காமல் இருந்தால் சரி என்று நடுச்சுவரை அழித்து, பெரியப்பா பக்கமாக ஒரு முழம் தள்ளிப் போட்டு, கூட்டினால் வெளிச்சுவருக்குள் அடங்குகிற மாதிரி இரண்டு பக்க அளவையும் மாற்றி எழுதி, மேடம் கையெழுத்தையும் வாங்கிவிட்டாள். அடுத்த நாள் காலையில்தான் சுவர் நகர்ந்தது. அவள் டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். தாளில் எங்கே போட்டிருந்தாளோ அங்கேதான் நின்றது, ஒரு நூல்கூடப் பிசகவில்லை. முதலில் இன்னொரு தடவை அளந்தாள். பிறகு சிரிப்பு வந்தது. அப்புறம்தான் அப்பாவின் நாற்காலியைப் பார்த்தாள். அது எப்போதும் சுவரை ஒட்டிக் கிடக்கும். இப்போது சுவர் விலகிய இடத்தில், அதன் முதுகோடு முதுகு பார்த்தபடி, துணி தேய்ந்த இன்னொரு நாற்காலி கிடந்தது. பெரியப்பாவும் இத்தனை வருஷமாக அதே இடத்தில்தான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், நடுவில் செங்கல் கனம் மட்டும்தான். அப்பா அந்த நாற்காலியைச் சுற்றி வந்தார். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு மகள் படிப்பின் மேல் அக்கறை பிறந்தது. நல்ல பென்சிலாகப் பார்த்து வாங்கி வந்தார். தினமும் ஹோம்வொர்க் இல்லையா என்று கேட்டார். அவள் வரையும்போது பின்னால் நின்று, நம்ம ஹால் இன்னும் கொஞ்சம் காற்றோட்டமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார். டேப் கோட்டைக் கொஞ்சம் தள்ளினாள். பெரியப்பாவின் இரும்பு பீரோ வந்து சேர்ந்தது, அதற்கப்புறம் அவருடைய செருப்பு. தேகப்பயிற்சி டீச்சரான பெரியம்மாவின் விசில் வந்து சேர்ந்தபோதுதான் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் கோட்டை அழித்து எதிர்ப்பக்கம் நன்றாகத் தள்ளிவிட்டாள். நாற்காலியும் பீரோவும் விசிலும் வீடு திரும்பின, கூடவே கண் பரிசோதிக்க அப்பா மாட்டி வைத்திருந்த எழுத்து அட்டையும் போனது. பெரியப்பா தன் நாற்காலியிலிருந்து அந்த அட்டையைப் பார்த்தார். மூன்றாவது வரிக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரிந்தது. தம்பி கடைப் படியேறக் கூடாதென்று வருஷக்கணக்காகப் பேப்பரைக் கைநீட்டுத் தூரத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அட்டையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார். பெரியம்மா அதைக் கயிற்றடியில் சொல்ல, அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்படி இரண்டு பக்கமும் இழுத்ததில் சுவருக்கு நடை பழகிவிட்டது. தத்தி நடக்கும் குழந்தையைக் கையை விட்டால் அது தானாக ஓடுமே, அதே கதைதான். டேப் பென்சிலைத் தொடாத நாட்களிலும் அது நகர்ந்தது. காலையில் வெயில் பட ஜன்னலோரம் போகும், மத்தியானம் சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்க்கும். அவள் அளந்து வரைந்த தாள் அவள் கல்லூரி போய்ச் சேர்வதற்குள் பழசாகிவிடும். மேடம் வரும் நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சுவரிடம் கெஞ்சினாள், அதட்டினாள், கால் இருக்கும் இடத்தை ஊகித்து ஆப்பு வைத்துப் பார்த்தாள். ஆப்பையும் தூக்கிக்கொண்டு போனது. பெரியம்மாவே விசிலடித்து நில் என்றார். அந்த விசிலுக்கு நிற்காத பிள்ளைகளே இல்லை. சுவர் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது சுவர் அவர்மேலேயே மெதுவாகக் கடந்து போனது. நிழல் கடப்பதுபோலத்தான் இருந்தது, அவர் குறட்டைகூட நிற்கவில்லை. அத்தோடு நில்லாமல், பீரோவைச் சாய்த்து வாசலில் இறக்குகிற மாதிரி தன்னைத்தானே ஒருக்களித்துக்கொண்டு, முன்கதவு வழியாகத் தெருவில் இறங்கிப் போய்விட்டது. ஹால் பழையபடி ஒரே ஹாலாக நீண்டு கிடந்தது. பெரியப்பா கண் விழித்தார். எதிரே தம்பி நின்றுகொண்டிருந்தார். டேப் பென்சிலைக் கீழே வைத்தாள். அம்மாவும் பெரியம்மாவும் கொல்லைக் கதவில் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். பெரியப்பா கண்ணை இடுக்கி ஜன்னலைப் பார்த்தார், பாதி திறந்தும் பாதி மூடியும் இருந்தது.

"அந்தக் கதவைத் திற" என்றார்.

"தூசி வரும்" என்றார் அப்பா.

இத்தனை வருஷமும் இடைவேளை மாதிரி கழிந்து, சண்டை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. சாயங்காலம் வரை நடந்தது. செங்கல் யார் வாங்கியது, கொத்தனாருக்குச் சொன்னது யார், சின்ன வயதில் சைக்கிளைக் கிணற்றில் தள்ளியது யார் என்று எல்லாமே வெளியே வந்தது. நடுவில் இரண்டு தடவை டீ கொடுத்தார்கள், டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்கள். பெரியப்பா ஒரு கட்டத்தில் எழுந்து, முகத்துக்கு நேரே விரலை நீட்டி எச்சரித்தார். விரல் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த துணி ஸ்டாண்டைப் பார்த்து நீண்டது. அப்பா ஸ்டாண்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"முதல்ல கண்ணாடி போடு. அப்புறம் சண்டை போடலாம்."

கையோடு எழுத்து அட்டையை எடுத்து நிமிர்த்து மாட்டி, கடைப் பெட்டியைக் கொண்டு வந்து, அண்ணன் மூக்கின்மேல் ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றி வைத்தார். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டார். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் முறைப்பாகவே பதில் சொன்னார். கடைசி வில்லை சரியாக வந்ததும் ஹாலைச் சுற்றிப் பார்த்தவர், டேப்பிடம் வந்து நின்றுவிட்டார். அவர் கடைசியாகத் தெளிவாகப் பார்த்தபோது அவளுக்கு முன்பல் இல்லை. இவ்வளவு வளர்ந்துட்டியா என்று கேட்கவில்லை. லிஃப்டில் இப்போதும் எல்லா பட்டனையும் அமுக்குவாயா என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை ரப்பர் மேடம் தாளோடும் ரப்பரோடும் வந்து இறங்கினார். சுவர் திரும்பி வரவில்லை. டேப் ராத்திரி முழுக்கப் பொய்களைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். இடித்துவிட்டோம், கரையான் அரித்துவிட்டது என்று விதவிதமாக. மேடம் தாளை விரித்து, நடுவில் தடித்த கோட்டில் இருந்த சுவரைக் காட்டி, இது எங்கே என்று கேட்டதும் எல்லாம் மறந்துபோய் உள்ளது வாயில் வந்துவிட்டது.

"வெளியே போயிருக்கு மேடம்."

மேடம் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். எப்போது வரும் என்று கேட்டார். சொல்ல முடியாது, நேற்றுத்தான் முதல்தடவை என்றாள் டேப். பெரியப்பா புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குறுக்கே வந்து, நான் மேலே கீழே போகிற அறையிலேயே முப்பது வருஷம் வேலை பார்த்தவன், பக்கவாட்டில் போகிற சுவரில் என்ன தப்பு என்று சண்டைக்கு நின்றார். தம்பியும் அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டார். மேடம் இருவரையும் கையமர்த்தினார். சோபாவில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து, தடித்த கோட்டை நிதானமாக அழித்தார்.

"நகர்ற சாமானைப் புள்ளிக்கோட்டுல காட்டணும். முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தேனே."

அவள் புள்ளிக்கோடு போட்டாள். மேடம் கையெழுத்துப் போட்டார். மார்க்கில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார், அதுவும் சுவருக்காக இல்லை, அறைப் பெயர்களை எழுதிய எழுத்து கோணலாக இருந்ததற்காக.

சுவர் புதன்கிழமை வந்தது. உடம்பெல்லாம் சர்க்கஸ் போஸ்டர் ஒட்டியிருந்தது. கொல்லையில் நிறுத்தி ஈரத்துணியால் துடைத்தார்கள், அதற்குள் மறுபடி கிளம்பிவிட்டது. டேப் படித்து முடித்தாள், வேலைக்குச் சேர்ந்தாள், பல் ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் உள்வேலை வடிவமைத்து நல்ல பெயர் எடுத்தாள். அவள் வரைந்த வேறெந்தச் சுவரும் நகரவில்லை, அது அவளுக்குக் கொஞ்சம் குறைதான். நடுச்சுவர் வெயில் காலத்தில் பஸ் நிறுத்தத்தில் நிழல் கொடுத்துக்கொண்டு நிற்பதாகப் பார்த்தவர்கள் வந்து சொல்வார்கள். அண்ணனும் தம்பியும் தினமும் ஜன்னலுக்காகச் சண்டை போட்டார்கள். சண்டை போட வசதியாக நாற்காலிகளை எதிரெதிரே திருப்பிப் போட்டுத் தந்தது டேப்தான். அப்பா அதைப் பார்த்துவிட்டு, இதைப் படிக்க நாலு வருஷம் பத்தாது என்றார்.

டேப்புக்குக் கல்யாணம் ஆன வருஷம் சுவர் நெடுநாள் கண்ணில் படவில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு காலையில் அது நிதானமாக நடந்து வாசலுக்கு வந்தபோது, பின்னாலேயே முழங்கால் உயரத்தில், பூச்சுக்கூடக் காயாத இன்னொன்று தத்தித் தத்தி வந்தது. அதன் முன்னால் குட்டிச்சுவர் என்று யாரும் வாய்தவறியும் சொல்லக் கூடாதென்று பெரியம்மா விசிலடித்து அறிவித்தார். அம்மா அதன்மேல் ஒரு பழைய துண்டை விரித்தாள், செருப்பு மாட்ட உட்கார வசதியாக இருந்தது. இப்போது அது தோள் உயரம் வளர்ந்துவிட்டது. அதற்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதில் மட்டும் அண்ணனுக்கும் தம்பிக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.