அரை மணி நேரம் சும்மா

மூன்றாவது தடவை மணி அடிப்பதற்குள் மின்னல் எழுந்துவிட்டாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பு மேஜையில் ஆள் இல்லை. போன் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. நாற்காலியிலிருந்து மேஜை வரைக்கும் எப்படிப் போனாய் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ரிசீவர் காதில் இருந்தது; வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

"அவசர உதவி. எங்கேருந்து பேசறீங்க? மயக்கமா? மூச்சு இருக்கா?"

எதிர்முனையில் ஒரு பெரியவர் ஆடிப்போனார். "மூச்சு... இருக்கும்மா. சர்க்கரை டெஸ்டுக்கு வெறும் வயித்தோட வரணுமான்னு கேக்கலாம்னுதான்..."

பின்னால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கையுறையை உருவியபடி உள்ளறையிலிருந்து வந்த நர்ஸ் சிரிக்கவில்லை. ரிசீவரை வாங்கி, பெரியவருக்குப் பதில் சொல்லி வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எழுந்துட்டீங்க இல்ல? மறுபடி முதல்லேருந்து உட்காருங்க."

மின்னல் என்பது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு வைத்த பெயர். அங்கே எந்த போனையும் மூன்றாவது தடவை அடிக்க விடக்கூடாது என்பது விதி. இவள் இரண்டாவதற்கே விடமாட்டாள். ஒரு காது கூப்பிடுகிறவருக்கு, இன்னொரு காது டிரைவருக்கு. இரண்டு கையும் தட்டச்சில் இருப்பதால் டிரைவரிடம் பேச வலது காலடியில் ஒரு பெடல். அழுத்தினால் லைன் திறக்கும். வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி அந்தக் கால் தனி ஆளாகிவிட்டது. சாப்பிடும்போது அழுத்தும், பேருந்தில் அழுத்தும். "தூக்கத்துலயும் எங்கேயோ வண்டி அனுப்பிட்டுத்தான் இருக்கே" என்று கணவன் போர்வையை எடுத்துக்கொண்டு தள்ளிப் படுப்பான்.

தூக்கம் என்று அவன் சொல்வது கூட மரியாதைக்குத்தான். படுத்தால் கண் மூடாது. எழுந்தால் உடம்பு வராது. பல் தேய்க்கிற நேரத்திலேயே அன்றைய தெம்பு தீர்ந்துவிடும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மாதவிலக்கு வருவதை நிறுத்தி எத்தனை மாதம் என்பதே மறந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் "வேலை அதிகம்" என்று ஒரே மருந்தைத் தடவிக்கொண்டிருந்தாள், சட்டையில் அந்த ஈரத்தைப் பார்க்கும் வரைக்கும். பிள்ளை பெறாத மார்பில் பால் கசிந்திருந்தது. கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள். வெளியே எல்லா போனும் அடித்துக்கொண்டிருந்தன.

பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருப்பதாக முதல் பரிசோதனை சொன்னது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அதுல சின்னக் கட்டி வந்தாலும் இது ஏறும். ஓயாத டென்ஷன்லயும் ஏறும். அன்னைக்கு எப்படி ரத்தம் கொடுத்தீங்க?"

"ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தேன் டாக்டர். லிஃப்ட் வரலைன்னு மாடிப்படியில ஓடி."

"அப்ப இது உங்க உடம்போட நம்பரா, நீங்க ஓடி வந்த நம்பரான்னு எனக்குத் தெரியாதே. அரை மணி நேரம் அமைதியா உட்கார்ந்துட்டு, அப்புறம் கொடுங்க. அப்பவும் ஏறியே இருந்தா தலையை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்."

அதற்குத்தான் அக்கா துணைக்கு வந்திருந்தாள். தையல் கடைக்காரி, நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதிப்பவள். "உட்கார்றதுல என்னை அடிச்சுக்க ஆளே இல்ல. பார்த்துக் கத்துக்கோ" என்று வரும்போதே சொல்லிவிட்டாள். தங்கையின் கைபேசியையும் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது முறை உட்கார்ந்தாள். சுவரில் சிறுநீரகப் படம். கீழே ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. யாராவது மூடக்கூடாதா? எதிர் நாற்காலியில் ஒருவர் நெஞ்சைத் தடவினார். இடது கையா? வியர்க்கிறதா? இல்லை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி தேடுகிறார். மின்னல் மூச்சை இழுத்து விட்டாள். விட்ட மூச்சோடு தலையும் சாய்ந்தது. கிணற்றுக்குள் கல் விழுவதுபோல் விழுந்தாள்.

தோளை உலுக்கியது நர்ஸின் கை. "தூங்கவும் கூடாதுங்க. தூக்கத்துலயும் அது ஏறும்."

"ஓடக் கூடாது, தூங்கவும் கூடாது. வேற என்னதாங்க பண்றது?"

"சும்மா உட்காருங்க."

மின்னல் அவளை வெறித்தாள். ஓடுவது தெரியும், விழுவது தெரியும். நடுவில் இப்படி ஒன்று இருப்பதை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"இதுதான் கடைசித் தடவை," என்றாள் நர்ஸ். "ரத்தக் குப்பியை எடுத்துட்டுப் போற வண்டி வந்துடும். இன்னைக்கு விட்டா அடுத்த வாரம்தான்."

அடுத்த வாரம் இவள் வரமாட்டாள். அது மின்னலுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

மூன்றாவது முறை உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அக்காவின் பைக்குள் கைபேசி துடித்தது. ஷிஃப்ட் தலைவர். மின்னலின் உடம்பு பாதி எழுந்துவிட்டது. அக்கா ஒரு கையால் அவள் தொடையை அழுத்தி, மறு கையால் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க சார்... நான் அவ அக்கா. மதிய ஷிஃப்டுக்கு ஆள் இல்லையா? அடடா. அவளால இப்ப பேச முடியாது சார்... இல்ல, ஆபரேஷன் எல்லாம் இல்ல. சும்மா இருக்கா. ஆமா சார், சும்மாதான். ரொம்ப முக்கியமான வேலை, பாதியில விட முடியாது."

வைத்துவிட்டாள். எதிரே இருந்தவர் கூடச் சிரித்தார். மின்னல் சிரிக்கவில்லை.

"எப்பவும் நான் போயிடுவேன்க்கா. அதான் என்னைக் கூப்பிடறாங்க."

"தெரியுதுல்ல?"

கடிகார முள் நகர்வதாகவே தெரியவில்லை. மின்னல் குனிந்து தன் வலது காலைப் பார்த்தாள். அது இல்லாத பெடலை அழுத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு, அப்புறம் திட்டறேன்."

"நம்பர் ஏறியே இருக்கணும்னு தோணுது."

அக்காவின் முகம் மாறியது. "பைத்தியமாடி உனக்கு? கட்டி இருக்கணும்னா வேண்டிக்கிறே?"

"கட்டின்னா பேர் இருக்கு. மாத்திரை இருக்கு. லீவு கேட்டா யாரும் வாய் திறக்க மாட்டாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "இப்ப நம்பர் இறங்கிட்டா என்ன அர்த்தம்? உடம்புல ஒண்ணும் இல்ல, நான் வாழற லட்சணம்தான் வியாதின்னு அர்த்தம். அதுக்கு என்னக்கா மாத்திரை?"

அக்கா பையின் வாரை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள். உட்கார்வதில் தன்னை அடிக்க ஆளில்லை என்றவள், தங்கையைவிட அதிகமாக நெளிந்தாள்.

அப்போதுதான் மேஜை போன் அடித்தது.

நர்ஸ் உள்ளே யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று. மின்னலின் கைகள் நாற்காலியின் பிடியை இறுக்கின. இரண்டு. மயக்கமா? மூச்சு இருக்கா? வெறும் வயிற்றோடு வர வேண்டுமா? மூன்று. வாழ்க்கையில் அவள் அடிக்கவிட்ட முதல் மூன்றாவது மணி. வலது கால் பைத்தியம் பிடித்ததுபோல் தரையை மிதித்தது. அக்கா தன் செருப்பைக் கழற்றினாள். தன் பாதத்தைத் தங்கையின் பாதத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நான்கு. ஐந்து. போன் நின்றது.

யாரும் சாகவில்லை. அப்படித்தான் தோன்றியது. அல்லது யாரோ எங்கேயோ வேறு எண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் வந்தாள். கடிகாரத்தைப் பார்த்து முதல்முறையாகத் தலையசைத்தாள். "எழுந்திருக்க வேண்டாம். இங்கேயே எடுத்துடறேன்." ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசியை ஏற்றினாள். வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"வந்துட்டான்," என்றாள் அக்கா. "சீக்கிரம்..."

நர்ஸ் நிமிரவில்லை. மேஜையில் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது. மின்னல் திரும்பவில்லை. குப்பிக்குள் கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு அவசரமும் இல்லை. அக்காவின் பாதத்துக்கு அடியில், பெருவிரல் மட்டும் இன்னும் லேசாக அழுத்திக்கொண்டிருந்தது.