ஓட்டைக்குடை ஓர் ஆளே இல்லை

இணைய வார இதழ் ஒன்றில் வியாழன்தோறும் அவன் எழுதும் பத்திக்குக் கீழே ‘குறைகண்டான்’ என்று போட்டிருக்கும். புனைபெயர் என்றாலும் பொய்ப்பெயர் இல்லை. மென்பொருள் வெளியாகும் முன் அதைக் குடைந்து பிழை பிடிப்பதுதான் அவனுக்குச் சம்பளம் தரும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் மிச்சமிருக்கும் உலகத்தைக் குடைவான்.

எல்லாவற்றிலும் அவனுக்கு ஒரு கருத்து உண்டு. அலாரத்தை நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே தள்ளிப்போடும் பொத்தானை வைத்தவன் தூங்கத் தெரியாதவன். ஒரு தொடரின் அடுத்த பாகம் ஐந்து நொடியில் தானாக ஓடத் தொடங்குவது, சாப்பிட்டு எழுந்தவனை மறுபடி இலையில் உட்கார வைப்பது. வானிலை காட்டும் செயலிகளில் மழை பெய்கிறதா என்று பார்ப்பதைவிட ஜன்னலைத் திறப்பது வேகம். இப்படியெல்லாம் எழுதுவான். இரண்டாயிரம் பேர் படித்தார்கள். பாதிப்பேர் திட்டுவதற்காகப் படித்தார்கள், அதிலும் அவனுக்குச் சந்தோஷம்தான்.

அவன் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டி, பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். மாலை ஏழு மணிக்குச் சோபாவின் இடது மூலையில் காலை மடக்கி உட்கார்ந்து கைப்பேசியில் சதுரங்கம் ஆடுவாள். ஆளுக்குப் பத்து நிமிடம், ஒரே ஆட்டம், ஒரே எதிராளி. அந்தச் செயலியில் அவள் பெயர் சுண்டெலி. எதிராளியின் பெயர் ஓட்டைக்குடை. நான்கு வருடமாக இது நடக்கிறது. இருவரும் ஒரு வார்த்தை எழுதிக்கொண்டதில்லை. தோற்கப் போகிறோம் என்று தெரிந்தாலும் பாதியில் விட்டுப் போவதில்லை என்று சொல்லாமலே ஓர் ஒப்பந்தம். அந்த இருபது நிமிடத்துக்கு அவளிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. சோபாவின் வலது மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் அவனும் கேட்டதில்லை.

அந்த வாரம் அவனுக்கு எழுத விஷயம் அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எட்டிப் பார்த்தவன் கண்ணில் அவர்களுடைய கணக்கு பட்டது. அவள் ஜெயித்தது அறுநூற்றுப் பதினொன்று. ஓட்டைக்குடை ஜெயித்தது அறுநூற்று நான்கு.

“இது ஆளே இல்ல” என்றான்.

“எது?”

“உன் ஓட்டைக்குடை. படம் கிடையாது, பேச்சு கிடையாது, ஏழு மணின்னா ஏழு மணிக்கு வந்து நிக்குது. நாலு வருஷத்துல ஒரு ஜலதோஷம் வேண்டாமா? வெற்றியும் தோல்வியும் சரிபாதி. ஜெயிச்சுக்கிட்டே இருந்தா உனக்குச் சலிச்சுடும், தோத்துக்கிட்டே இருந்தா கோபம் வரும். அதான் எண்ணி எண்ணி விட்டுக்கொடுக்குற மாதிரி எழுதி வச்சிருக்கான். நான் பார்க்காத நிரலா?”

அவள் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். “இருந்துட்டுப் போகட்டும்” என்றாள்.

ஆனால் திங்கட்கிழமை அவள் ஆடவில்லை. துணி மடித்தாள். செவ்வாயும் ஆடவில்லை. சோபாவின் மூலையில் உட்கார்ந்து, கைப்பேசியை எடுத்து, வைத்துவிட்டாள். அவனுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதே என்று நினைத்தான். நினைத்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு வருத்தத்தைவிட, தான் சொன்னது சரியா என்று பார்க்கிற அரிப்பு பெரிது. அதோடு, வியாழன் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பு வேறு தயாராக இருந்தது: ‘ஓட்டைக்குடை ஓர் ஆளே இல்லை’.

புதன்கிழமை பரிசோதனைக் கூடத்தில் இருப்புக் கணக்கெடுப்பு, அவள் வர ஒன்பது ஆகும். வீட்டிலுள்ள எல்லாக் கடவுச்சொல்லும் அவன் வைத்ததுதான். ஏழு மணிக்குத் தன் கைப்பேசியில் சுண்டெலியாக உள்ளே நுழைந்தான். ஓட்டைக்குடை காத்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் ஒரு நிரலைச் சோதிப்பதுபோலவே சோதித்தான். முறையில்லாத எதையாவது கொடுத்து, அது தடுமாறுகிறதா என்று பார்ப்பது. முதல் ஆட்டத்தில் நான்காம் நகர்த்தலிலேயே ராணியை வலியக் கொண்டுபோய் வெட்டுக்குக் கொடுத்தான். ஓட்டைக்குடை சற்றுத் தாமதித்து வெட்டியது. தாமதித்த நொடிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டான். இரண்டாம் ஆட்டத்தில் ஒரே குதிரையை முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவதில், ஜெயிக்கிற நிலையில் இருக்கும்போதே தோல்வியை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தினான். அதுவரை அந்தப் பலகையில் யாரும் அழுத்தாத பொத்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. பலகைக்குக் கீழே, நான்கு வருடமாகக் காலியாகக் கிடந்த பெட்டியில் எழுத்து வந்தது.

“ரெண்டு நாளா அவங்களைக் காணோம். இப்ப விளையாடுறது அவங்க இல்ல. அவங்க நல்லா இருக்காங்களா?”

அவன் தாளைக் கீழே வைத்தான். முகம் சூடாகிவிட்டது. வேலையில் எத்தனையோ முறை தவறாகக் கணித்திருக்கிறான், வெட்கப்பட்டதில்லை. இப்போது வெட்கமாக இருந்தது. அந்த வரியை அழித்துவிட முடியுமா என்று பார்த்தான். முடியும் என்றே தெரிந்தது. ஆனால் மூன்று ஆட்டங்களும் மூன்று தோல்விகளாகக் கணக்கில் ஏறியிருந்தன, அவற்றை அழிக்க வழியே இல்லை. முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது? பதில் எழுதவும் கை வரவில்லை. என்ன எழுதினாலும் அவள் பெயரில்தான் போகும்.

ஒன்பது மணிக்கு அவள் வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டான். ஒன்றையும் குறைக்கவில்லை.

அவள் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. தன் கைப்பேசியைத் திறந்து அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு மூன்று ஆட்டங்களையும் முதலிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலாக ஓட்டிப் பார்த்தாள். ராணி வெட்டுப்பட்ட இடத்தில் நிறுத்தினாள்.

“இங்கேயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. பாருங்க, வெட்டுறதுக்கு முன்னாடி நாற்பது நொடி யோசிச்சிருக்கார்.”

“நான் அதை இயந்திரம் திணறுதுன்னு குறிச்சு வச்சேன்.”

“நான் எப்படி ஆரம்பிப்பேன்?” என்று கேட்டாள்.

“என்ன?”

“வெள்ளைக்காய் வந்தா நான் முதல்ல எதை நகர்த்துவேன்? நாலு வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க.”

“சிப்பாய்தான்.”

“எந்தச் சிப்பாய்?”

அவன் யோசித்தான். அவள் மடக்கி உட்காரும் கால் நினைவுக்கு வந்தது, நகம் கடிப்பது நினைவுக்கு வந்தது. பலகை வரவில்லை. ஊரில் உள்ள செயலிகளின் பொத்தான்களெல்லாம் எந்த மூலையில் இருக்கின்றன என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன், “தெரியல” என்றான்.

அவள் சோபாவில் உட்கார்ந்து எழுதினாள். நிறைய எழுதவில்லை. அனுப்பியதும் பதில் வந்தது. அதைப் படித்து, அவளுக்கு மட்டும் தெரிந்த எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு வலித்தது.

“என்ன எழுதின?”

“நல்லா இருக்கேன், நாளைக்கு ஏழு மணிக்கு வர்றேன்னு.”

“விளையாடினது யாருன்னு கேட்டாரா?”

“கேட்கல” என்றாள். “நானும் சொல்லல.”