தாராவுக்குச் சூரிச்சில் என்ன கருத்து?

உருத்திரபுரத்தில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைப்பதென்றால் சூரிச்சிலும் பாரிசிலும் அனுமதி எடுக்க வேண்டும். பெற்றவள் தேனுகாதான். ஆனால் கூரைக்கு ஓடு போட்டுத் தந்தவர் சூரிச்சில் இருக்கிற கணவனின் தமையன் பாலன். கிணற்றுக்கு மோட்டர் வாங்கித் தந்தவள் பாரிசில் இருக்கிற கணவனின் தங்கை கௌசலா. ஓடும் மோட்டரும் தந்தவர்களுக்குப் பேரில் மட்டும் பங்கில்லையென்று எந்த வாயால் சொல்வது?

தேனுகா கேட்டது ஒரு சின்னப் பேர். தாரா.

“நல்ல பேர்” என்றான் கணவன் திலீபன். அவன் எல்லாவற்றையும் நல்லது என்றுதான் சொல்வான். அண்ணன் வேறொன்றைச் சொன்னால் அதுவும் நல்லதாகிவிடும். சொந்த அபிப்பிராயமெல்லாம் அவனுக்கு வயலோடு சரி.

முதலில் பாய்ந்தவள் பக்கத்து வளவில் இருக்கிற அவனுடைய மூத்த அக்கா இராசேஸ்வரி. அவளுடைய வாத்துகள், ஊர்ப் பேச்சில் தாராக்கள், காலையில் வாய்க்காலுக்கு இறங்கினால் ஊருக்கே கேட்கும்.

“தாராவோ? என்ர வளவுக்குள்ள அஞ்சாறு நிக்குது. ஒண்டைப் பிடிச்சுத் தாறன், தொட்டிலுக்கை போடன்.”

“சமஸ்கிருதத்திலை அது நட்சத்திரம், மச்சாள்.”

“ஓ, சமஸ்கிருதத்திலை முட்டை இடாதோ?”

விஷயம் குடும்ப வட்சப்புக்குப் போனது. பாலன் அங்கே தமிழ்க் காவலர். பேர் தூய தமிழாக இருக்க வேண்டும், தாரா வடசொல் என்று எழுதினார். அவருடைய சொந்தப் பிள்ளைகள் கெவின், றயன் என்ற செந்தமிழ்ப் பெயர்களோடுதான் வளர்கிறார்கள். மறுநாள் குரல் பதிவும் வந்தது. “நான் வேலை செய்யிற கிடங்கிலை தராசுக்கு மேலையே எழுதியிருக்கு. ஜேர்மன் பாசையிலை தாரா எண்டால் வெறும் பெட்டியின்ர பாரம். நிறுத்துப்போட்டுக் கழிச்சு விடுறது. அரபிலை எறியிறதுக்குச் சொல்லுற சொல் இத்தாலிக்குப் போய், பிறகு இஞ்சை வந்ததாம். எங்கட பிள்ளைக்கு உது வேணுமே?” இவ்வளவு காலமும் பெட்டி தூக்கிய மனிதர் ஒரே நாளில் மொழியறிஞராகிவிட்டார்.

கௌசலா விடுவாளா? பிரெஞ்சில் கிட்டத்தட்ட அதே சொல்லுக்குப் பழுது, குறைபாடு என்று கருத்தாம். பிள்ளை பாரிசுக்குப் படிக்க வந்தால் வகுப்பில் பகிடி பண்ணுவார்களாம். பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை, அதற்குள் பாரிசில் வகுப்பு. அவளுடைய மகன் தன் பங்குக்கு ஒன்று கண்டுபிடித்தான்: யப்பானில் தாரா என்பது ஒரு மீன். யப்பானில் இவர்களுக்கு ஒரு சொந்தக்காரரும் கிடையாது. இருந்தாலும் அந்த மீனின் மனம் நோகக்கூடாதென்று அதையும் கணக்கில் எடுத்தார்கள்.

உழவு மெசினுக்குச் சாமான் வாங்க வவுனியாவுக்குப் போன திலீபன் அங்கே விசாரித்துக்கொண்டு வந்தான். சிங்களத்திலும் தாரா தாராதானாம், அதே வாத்து. இந்த நாட்டில் இரண்டு பாசையும் சண்டையில்லாமல் ஒத்துப்போக ஒரு சொல் இருந்திருக்கிறது. அதையும் ஒரு குற்றமாகவே கொண்டுவந்து வைத்தான்.

இத்தனை பேர் இத்தனை பாசையில் தேடினார்கள். உனக்கு அந்தப் பேர் ஏன் வேணும் என்று தேனுகாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். பதிவில் வேறு பேர், வீட்டில் தாரா. தாராக்குஞ்சு மாதிரி ஆடி ஆடி நடந்து அக்காவுக்குப் பின்னாலேயே திரிகிறவள். சண்டையின் கடைசிக் காலத்தில் உடையார்கட்டில் ஷெல் விழுந்தபோது சனத்துக்குள் கை விட்டுப்போனது. பிறகு கிடைக்கவேயில்லை. அப்படிப் போன குழந்தையின் பேரை இன்னொரு குழந்தைக்கு வைக்க இங்கே யாரும் விடமாட்டார்கள். வாழாமல் போனதின் பேர் என்பார்கள். ஆகவேதான் அவள் நட்சத்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்தப் பேரைச் சொல்லி இந்த வீட்டுக்குள் ஒருமுறையாவது கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கடைசியில் எண் சாத்திரக்காரர் ஒருவர் எல்லாருடைய பிரச்சினையையும் தீர்த்துவைத்தார். ஜக்ஷ்ரவினா. பாலன் ஜேர்மனில் தேடினார், ஒன்றுமில்லை. கௌசலா பிரெஞ்சில் தேடினாள், ஒன்றுமில்லை. தமிழில் தேடவே தேவையில்லை. உலகத்தில் எந்தப் பாசையிலும் ஒரு கருத்தும் இல்லாத பேர் கிடைத்துவிட்டதென்று வட்சப்பில் ஒரே கைதட்டல். தூய தமிழை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை. திலீபனும் நல்ல பேர் என்றான்.

பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்து, ஐயர் வந்து, வீடு நிறையச் சாம்பிராணி. தகப்பனின் மூத்த சகோதரிதான் பிள்ளையின் காதில் பேர் சொல்ல வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். இராசேஸ்வரி காலையிலிருந்தே பாடமாக்கினாள். “ஜச்சு... ஜக்கிர... சனியன், உதென்னடா பேர்?” திலீபன் கைபேசியைக் கதிரையில் சாத்தி நிறுத்தினான். ஒரு பக்கம் சூரிச், மறுபக்கம் பாரிஸ்.

தேனுகா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இராசேஸ்வரி பக்கத்தில் இருந்து, வெற்றிலையால் வாயை மறைத்து, பிள்ளையின் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

“தாரா.”

தேனுகா நிமிர்ந்து பார்த்தாள்.

“தாரா. தாரா.”

ஐயர் மணியை ஆட்டினார். சூரிச்சும் பாரிசும் கைதட்டின.

சனம் சாப்பிடப் போனதும் தேனுகா குசினிக்குள் வந்தாள். இராசேஸ்வரி பாயாசத்தைத் துழாவிக்கொண்டு நின்றாள்.

“மச்சாள், காதிலை என்ன பேர் சொன்னனீங்கள்?”

“வாயிலை வந்ததைச் சொன்னனான்.”

“மச்சாள்...”

இராசேஸ்வரி அகப்பையை வைத்தாள். “உடையார்கட்டிலை உங்கட கொட்டிலுக்குப் பின்னாலைதான் எங்கட கொட்டில். உன்ர அம்மா அந்தப் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திரிஞ்சவா. குரல் அடைச்ச பிறகும் கூப்பிட்டவா. உங்கட கலியாணம் பேச வரேக்கை அவவை அடையாளம் கண்டிட்டுத்தான் நான் எழும்பிக் குசினிக்குள்ள போனனான்.”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் பகிடி பண்ணினீங்கள்?”

“பயமடி. அந்தப் பேரைத் திரும்பக் கேக்க எனக்குப் பயம். செத்த பிள்ளையின்ர பேரெண்டு அந்தப் போனுக்குள்ள சொல்லச் சொல்லுறியே? அதுதான் முட்டை, தொட்டிலெண்டு கத்திக்கொண்டு திரிஞ்சன்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “அண்டைக்கு அவ்வளவு கூப்பிட்டும் ஒருத்தரும் ஓமெண்டு சொல்லேல்லை. இண்டைக்கு நான் கூப்பிட, உது கண்ணை முழிச்சு என்னைப் பாத்தது.”

தேனுகா அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அது.

கைபேசியோடு திலீபன் ஓடி வந்தான். உள்ளே பாலனின் முகம். “அக்கா, அந்தக் ‘க்ஷ’வை வடிவாய்ச் சொன்னனீங்களே? எண் மாறினால் பலனும் மாறிப்போடும்.”

“ஓம் தம்பி” என்றாள் இராசேஸ்வரி. “மூண்டு தரமும் சரியாய்த்தான் சொன்னனான்.”